மறுமொழி: அம்மாவுக்கு முடக்குவாதம், ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா?

அம்மாவுக்கு இந்த மூட்டு நோய் தெரிந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின், ஸ்டீராய்டு என்று மூன்றும் ஒன்றாகக் கொடுத்துவிட்டார்கள், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் அக்காவுக்கு எழுதித் தந்தபோது நாங்களும் அப்படித்தான் மிரண்டோம்.

இது புது முறை இல்லை. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 155 பேரிடம் நடந்து 1997-இல் வெளியான கோப்ரா ஆய்வில் இதே மூன்று மருந்துகள்தான். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 60 மில்லிகிராமில் தொடங்கி, ஆறே வாரத்தில் 7.5-க்கு இறக்கி, 28 வாரத்துக்குப் பிறகு நிறுத்தினார்கள். ஐந்து வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதும், சல்ஃபாசலசின் மட்டும் எடுத்தவர்களைவிட இவர்களுக்கு மூட்டுச் சிதைவு மெதுவாகவே கூடியிருந்தது. அரித்துப்போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. அதனால்தான் இந்த அவசரம். அம்மாவுக்கான அளவு வேறாக இருக்கலாம், அது மருத்துவர் கணக்கு.

ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், உடம்பு தாங்காது. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதைவிட எனக்குப் பயம் மெத்தோட்ரெக்சேட்டில்தான். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்! தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அக்காவின் அட்டையில் மார்க்கரால் 'ஞாயிறு' என்று பெரிதாக எழுதி, தினசரி மாத்திரை டப்பாவில் சேராமல் தனியாக வைத்தோம். ஃபோலிக் ஆசிட் எழுதியிருக்கிறாரா பாருங்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே மருத்துவருக்குப் போன் போடுங்கள்.