ஆஸ்திரேலியாவில் விவசாயிகள் நரியைச் சுடலாமாமே, உண்மையா? யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

சுடலாம். நான் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் துப்பாக்கி லைசென்ஸும் நிலத்துக்காரர் அனுமதியும் இருந்தால் போதும். எனக்கு லைசென்ஸ் கிடையாது, சுட்டதும் இல்லை. போன வருடம் ஒரு சாயங்காலம் விளக்குப் பிடிக்கப் போனேன், அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம். பொங்கல் முடிந்ததும் வலை கட்டி வங்காநரி பிடித்து, மாலை போட்டு, மாரியம்மன் கோவில் முன்னால் ஓடவிட்டு, திரும்பக் காட்டில் கொண்டுபோய் விடுகிற ஊர்கள் அவை. (வனத்துறை தடுக்கிறது, அபராதமும் போடுகிறது. அது தனிக் கதை.) நரி முகத்தில் முழித்தால் யோகம் என்று கேட்டு வளர்ந்தவனிடம் வந்து, "நரி சுடப் போகிறேன், லைட் பிடிக்க ஆள் வேண்டும்" என்றால் எப்படி இருக்கும்?

கூப்பிட்டவர் ஹாமில்டன் பக்கம் மெரினோ ஆடு வளர்க்கும் ஒரு பெரியவர். அவருடைய டிராக்டரை ரிப்பேர் செய்யப் போய்ப் பழக்கம். ஆகஸ்ட் முதல் வாரம், இங்கே நல்ல குளிர்காலம், ஆடுகள் குட்டி போடும் சமயம்.

துப்பாக்கியை எடுக்குமுன் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். அன்று காலையில் பொறுக்கிய மூன்று செத்த குட்டிகள். நாக்கு இல்லை, வால் இல்லை. எல்லாம் நரி வேலைதானே என்றேன். மனிதர் மண்டி போட்டு ஒரு குட்டியின் குளம்பைத் திருப்பிக் காட்டினார். பிறக்கும்போது குளம்பின் அடியில் மஞ்சளாக, மெத்தென்று ஒரு உறை இருக்கும்; நாலு அடி நடந்தாலே தேய ஆரம்பித்துவிடும். இரண்டு குட்டிகளுக்கு அது அப்படியே இருந்தது. அதாவது எழுந்து நடக்கவே இல்லை, செத்த பிறகுதான் நரி தின்றிருக்கிறது. மூன்றாவதன் கழுத்துத் தோலைக் கத்தியால் கீறி விலக்கினார். பல் பட்ட இடங்களின் அடியில் ரத்தம் கட்டி, கறுத்துக் கிடந்தது. உயிரோடு இருக்கும்போது கடித்தால்தான் அப்படிக் கட்டும். "இது ஒன்றுதான் நரி கணக்கு" என்றார். எல்லாப் பழியையும் நரி தலையில் போட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவர் போடவில்லை.

நரி இந்த நாட்டுப் பிராணியே இல்லை. வேட்டைக் களியாட்டத்துக்காக ஐரோப்பியர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட செந்நரி. 1870-களில் மெல்பர்ன் சுற்றுவட்டாரத்தில் வேரூன்றியது. அவர்களே கொண்டுவந்த முயல் வேறு தீனிக்குத் தயாராக இருந்தது. டாஸ்மேனியாவையும் வடக்கே வெப்பமண்டலப் பகுதியையும் விட்டால் நாடு முழுக்கப் பரவிவிட்டது. உள்ளூர்ச் சின்ன விலங்குகள் பல இதனால் அடியோடு அழிந்தன. அதனால்தான் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு இல்லை.

சரி, வேட்டைக்கு வருவோம். பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, 'யூட்' எனும் பின்பக்கம் திறந்த வண்டியில் கிளம்பினோம். காற்று எங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி நிறுத்தினார், வாடை போனால் நரி வராது. பிறகு இரண்டாக மடித்த, நடுவில் ஓட்டை போட்ட சின்னத் தகரம் ஒன்றைப் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் வைத்துக் காற்றை உள்ளே இழுத்தார். அடிபட்ட முயல் கத்துவது போலவே ஒரு சத்தம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

என் வேலை, சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கை மெதுவாகச் சுற்றுவது. ஆட்டுக் கண்ணும் மின்னும், ஆனால் கூட்டமாக நின்ற இடத்தில் நிற்கும். நரிக் கண் அணைந்து அணைந்து எரியும், ஓடிக்கொண்டே தலையைத் திருப்புகிறதல்லவா. முதல் நரி மேட்டு உச்சியில் வந்து நின்றது. அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. பின்னால் மண் இல்லை, வானம்தான். தவறினால் குண்டு எங்கே போய் விழும் என்று யார் சொல்வது? அடுத்து மின்னிய இரண்டு கண்கள் என்னவென்று அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. அதையும் விட்டார். இரண்டு மணி நேரம் இப்படியே. கையுறை கொண்டுபோகாதது என் முட்டாள்தனம், விரல் மரத்து விளக்கு ஆடியது.

எட்டரை மணி வாக்கில் பள்ளத்தில் ஒன்று வந்தது. பின்னால் ஏறுகிற சரிவு, முழுக்க மண். அப்போதுதான் குண்டையே ஏற்றினார். ஒரே வெடி, நூறு மீட்டருக்கு மேல் இருக்கும். கண் அணைந்தது.

நடந்து போய்த் தூக்கினேன். வாலையும் ரோமத்தையும் பார்த்துப் பெரிய உருப்படி என்று நினைத்தேன். ஐந்து கிலோ இருந்தால் அதிகம். குப்பென்று ஒரு கவிச்சி. பெண் நரி, வயிறு கனத்திருந்தது. இங்கே அவை ஆகஸ்ட், செப்டம்பரில்தான் ஈனும். அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

முகத்தோல் முழுசாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் அரசு சன்மானம் தரும் திட்டம் 2011-இல் 10 டாலரில் ஆரம்பித்தது. டீசலுக்கே கட்டாது என்று சிரித்தார். ஒன்றைச் சுட்டால் அந்த இடத்துக்கு வேறொரு இளம் நரி வந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அக்கம்பக்கத்துப் பண்ணைகள் சேர்ந்து ஒரே சமயத்தில் விஷ இரை வைத்தால்தான் பலன், ஆனால் வீட்டு நாய் தின்றால் அதுவும் செத்துவிடும். இன்னொரு வழி காவல் நாய். வார்னம்பூல் ஊரை ஒட்டிய மிடில் தீவில் நரிகளால் பென்குயின்கள் பத்துக்கும் கீழே குறைந்துபோக, 2006-இல் மரெம்மா நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். பென்குயின்கள் மறுபடி பெருகின. இவரும் அந்த ஜாதிக் குட்டி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

இந்த வருடமும் இரண்டு முறை விளக்குப் பிடிக்கப் போனேன், கையுறையோடு. இரண்டு இரவும் முயல்கள் மட்டும்தான் வந்தன.