வாசகர் கேள்வி பதில்: ஐ3 ஜெயித்ததா, ரைசன் ஜெயித்ததா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘இதுவா அதுவா’ ரகம்தான், அதுவும் குறைந்த விலை டெஸ்க்டாப் ப்ராசஸர்களைப் பற்றி, அதாவது இன்டெல்லின் கோர் ஐ3, ஏஎம்டியின் ரைசன் மாதிரியானவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கோர் ஐ3-12100எஃப், ரைசன் 5 5500 இரண்டில் ஒன்றை வாங்க நினைக்கிறேன். ஒரு வீடியோவில் ஐ3 வேகம் என்கிறார்கள், அடுத்த வீடியோவில் ரைசன் அடித்து நொறுக்குகிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

யாருமே பொய் சொல்லாமல் இப்படி நடக்கும். 2022இல் சில மாத இடைவெளியில் வந்த இந்த இரண்டும் வேறு வேறு வேலைக்குப் பொருத்தமானவை. ஐ3-யில் 4 கோர் (வேலை செய்யும் மையம்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). ரைசனில் 6 கோர், 12 த்ரெட். ஒரு கோருக்கு ஒரு கோர் என்று மோதவிட்டால் இன்டெல் முந்தும். ஆனால் வீடியோ என்கோடிங், 3டி ரெண்டரிங் மாதிரி எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் பிழியும் வேலை என்றால் கூடுதலாக இருக்கும் இரண்டு கோர்கள் கை கொடுக்கும், ரைசன் தாண்டிப் போய்விடும். கேம் என்று வந்தால் பலவற்றில் மறுபடி ஐ3 பக்கம் சாயும்.

ஏன் என்று கேட்டால் 5500-இன் பிறப்பைப் பார்க்க வேண்டும். அது ரைசன் 5 5600-இன் தம்பி மாதிரி பெயர் வைத்துக்கொண்டு வந்தாலும், உள்ளே இருப்பது கிராபிக்ஸோடு வரும் 5600ஜி வகைச் சில்லு, அதில் கிராபிக்ஸை மட்டும் அணைத்திருக்கிறார்கள். அதனால் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) 16 எம்பிதான், 5600-இல் இருப்பது 32 எம்பி. பிசிஐஇ-யும் (கார்டும் ப்ராசஸரும் பேசிக்கொள்ளும் பாதை) 4.0 கிடையாது, 3.0 மட்டுமே. இந்தக் கடைசி விஷயத்தில்தான் பல ஒப்பீடுகள் வழுக்கி விழுகின்றன. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி வெறும் 4 லேன் (அந்தப் பாதையின் தடம்) மட்டும் உள்ள கிராபிக்ஸ் கார்டை 5500-இல் போட்டால் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே உள்ள பாதை பாதியாகிவிடும், 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் திணறும். அதே கார்டு ஐ3-யில் 4.0 வேகத்தில் ஓடும். திரையில் தெரியும் வித்தியாசம் கணக்குப் போடும் வேகத்தால் வந்தது அல்ல, ஆனால் வீடியோவில் ‘ப்ராசஸர் தோற்றுவிட்டது’ என்று முடித்துவிடுவார்கள்.

சரி, இது அநியாயமான சோதனையா? அதே கார்டை வாங்கப் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை இல்லை. 16 லேன் கார்டு வாங்குகிறவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நியாயமான ஒப்பீட்டில் இரண்டு வகை உண்டு. ப்ராசஸரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, சில்லு மட்டும் எப்படி என்று பார்ப்பது ஒன்று. மொத்தப் பணத்தை ஒன்றாக வைத்து, அதாவது ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், கூலர் எல்லாம் சேர்த்து ஒரே தொகைக்கு எந்தக் கூட்டணி நன்றாக ஓடுகிறது என்று பார்ப்பது இன்னொன்று. முதலாவதில் விலையுயர்ந்த போர்டும் கூலரும் போட்டுச் சோதித்துவிட்டு, முடிவில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதுபோல ‘காசுக்கு ஏற்ற ப்ராசஸர் இதுதான்’ என்று சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது. நீங்கள் பார்த்த இரண்டு வீடியோக்களிலும் என்ன கார்டு, என்ன போர்டு, என்ன வேலை என்று முதலில் பாருங்கள், யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்பது புரிந்துவிடும்.

கேள்வி: மலிவு ப்ராசஸரைச் சோதிக்க ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரி விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் போடுகிறார்கள். அதை வாங்குகிறவன் ஐ3 வாங்குவானா? இது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அவர்கள் செய்வதுதான் சரி. கேமில் ஒவ்வொரு ஃப்ரேமையும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்தையும்) ப்ராசஸரும் கார்டும் சேர்ந்து தயாரிக்கின்றன, மெதுவாக இருப்பவர்தான் வேகத்தைத் தீர்மானிப்பார். சாதாரண கார்டைப் போட்டு 1440பி திரைத் தெளிவில் ஓட்டினால் எந்த ப்ராசஸரை மாட்டினாலும் நொடிக்கு 60 ஃப்ரேமிலேயே நிற்கும். அதைப் பார்த்து ‘எல்லா ப்ராசஸரும் ஒன்றுதான்’ என்று சொன்னால் அளந்தது கார்டை, பேசுவது ப்ராசஸரைப் பற்றி என்று ஆகிவிடும். பெரிய கார்டைப் போட்டு, அதைவிடக் குறைந்த 1080பி தெளிவில் வைப்பது, அந்தத் தடையை நகர்த்திவிட்டு ப்ராசஸரின் உச்சவரம்பு எங்கே என்று பார்க்கத்தான்.

படித்துக்கொள்ளும் விதம் இது: பெரிய கார்டோடு ஒரு ப்ராசஸர் ஒரு கேமில் 140 ஃப்ரேம் தருகிறது என்று வையுங்கள். நீங்கள் வாங்கப் போகும் கார்டு அதே கேமில், அதே செட்டிங்கில், நல்ல ப்ராசஸரோடு 75 தருகிறது. உங்களுக்குக் கிடைக்கப் போவது 75-ஐ ஒட்டித்தான். அப்படியானால் 140 தரும் ப்ராசஸருக்கும் 190 தரும் ப்ராசஸருக்கும் இன்றைக்கு உங்கள் திரையில் பெரிய வித்தியாசம் இல்லை. கார்டை மாற்றும்போதுதான் அது தெரியும்.

ஆனால் சராசரி ஃப்ரேமை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். 4 கோர் ப்ராசஸர்களின் பலவீனம் சராசரியில் ஒளிந்துகொள்ளும், 1 சதவீத லோ என்று போடுகிறார்களே, அதில்தான் வெளிவரும். மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம் அது. சராசரி 110, லோ 45 என்றால் நடுநடுவே வெட்டி வெட்டி ஓடும். சராசரி 95, லோ 70 என்றால் நிம்மதியாக விளையாடலாம். ஒரு எச்சரிக்கை, இந்த லோ கணக்கைப் போடும் முறை ஒவ்வொரு மென்பொருளிலும் கொஞ்சம் மாறும், ஆகவே ஒருவருடைய லோ எண்ணை இன்னொருவருடைய லோ எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: என் பழைய கணினிக்கு கீக்பெஞ்ச் 5 ஸ்கோர் இருக்கிறது. புதிய ப்ராசஸருக்கு கீக்பெஞ்ச் 6 ஸ்கோர் கிடைத்தது. ஒப்பிடலாமா?

கூடாது. கீக்பெஞ்ச் என்பது ப்ராசஸர் வேகத்துக்கு மதிப்பெண் தரும் மென்பொருள். அதன் 5-ஆம் பதிப்பில் ஐ3-8100-க்கு 1000 என்று வைத்து அளந்தார்கள், 6-இல் ஐ7-12700-க்கு 2500 என்று வைத்தார்கள். அளவுகோலே வேறு. அதுபோக, 5-இல் மல்டி கோர் சோதனை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி வேலை கொடுத்தது, 6-இல் எல்லாக் கோர்களும் ஒரே வேலையைப் பங்குபோட வேண்டும், எனவே கோர் எண்ணிக்கை கூடக் கூட ஸ்கோர் அதே விகிதத்தில் ஏறாது. 3டி ரெண்டரிங்கை வைத்து அளக்கும் சினிபெஞ்சும் அப்படியே, ஆர்23 பதிப்பின் எண்ணும் 2024 பதிப்பின் எண்ணும் ஒட்டாது.

கேள்வி: இரண்டு ப்ராசஸரிலும் 65 வாட் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் மின்சாரச் செலவு ஒன்றுதானே?

பெட்டியில் உள்ள வாட்டை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐ5-12400-இன் அடிப்படை 65 வாட், ஆனால் டர்போவில் (வேலை கூடும்போது தற்காலிகமாக வேகத்தை ஏற்றும் நிலையில்) 117 வாட் வரை போக அனுமதி உண்டு. ஏஎம்4 சாக்கெட்டில் (5500, 5600 மாதிரியானவை மதர்போர்டில் பொருந்தும் இடம்) வரும் 65 வாட் ரைசன்களில் பலவற்றுக்கு உண்மையான வரம்பு 88 வாட். இதில் மதர்போர்டு கம்பெனிகள் வேறு தங்கள் பங்குக்கு விளையாடும்: சில போர்டுகள் வரம்பையே தூக்கிவிட்டு டர்போவை நிரந்தரமாக ஓடவிடும், விலை குறைந்த சில போர்டுகளில் மின்சாரம் தரும் பகுதி சூடாகி ப்ராசஸரைத் தானே இழுத்துப் பிடிக்கும். அதே ப்ராசஸர், போர்டு மாறியதும் வேறு ஸ்கோர்.

இதனால்தான் அரை நிமிடத்தில் முடியும் சோதனைகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. இன்டெல்லின் டர்போ வரம்புக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு, அது முடிவதற்குள் சோதனை முடிந்துவிட்டால் ஓட்டத்தின் தொடக்கத்தை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள். சினிபெஞ்ச் ஆர்23 வந்தபோது 10 நிமிட ஓட்டத்தை இயல்பாகவே வைத்தார்கள், அதை அணைக்காமல் விடுங்கள். பட்ஜெட் ஒப்பீடு என்றால் பெட்டியோடு வரும் கூலரையே போடுங்கள், ஏனென்றால் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் போடப் போகிறார்கள்.

கேள்வி: என்னுடைய 12100-யையும் (எஃப் இல்லாதது, உள்ளே கிராபிக்ஸ் உண்டு) என் தம்பியின் 5600ஜி-யையும் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. கார்டு இரண்டிலும் இல்லை. எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ரேம். அதைச் சரிசெய்யாமல் மற்றது எதையும் தொடாதீர்கள். ஒரு கணினியில் 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, இன்னொன்றில் 16 ஜிபி ஸ்டிக் ஒன்று என்று இருந்தால் மொத்தம் ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் ஒற்றை ஸ்டிக் ஒற்றைச் சேனலில் ஓடும், மெமரியின் அகலம் பாதி. கார்டு இல்லாமல் உள்ளே இருக்கும் கிராபிக்ஸை வைத்துக் கேம் ஓட்டுகிறீர்கள் என்றால், அந்தக் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, இந்த ரேமைத்தான் அதுவும் உறிஞ்ச வேண்டும். 5600ஜி-யை ஒற்றை ஸ்டிக்கோடு சோதிப்பது காலில் கல்லைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைப்பது மாதிரி. அப்புறம் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் செட்டிங் திரை) போய் எக்ஸ்எம்பி, அதாவது ரேமை ஸ்டிக்கரில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங், ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கரில் 3200 என்று போட்ட ரேம் அது இல்லாமல் 2133-இலோ 2666-இலோ அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்லித்தர மாட்டார்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் உண்மையான வேகம் தெரியும்.

அடுத்து விண்டோஸ். இரண்டிலும் ஒரே பதிப்பு, அப்டேட் முடிந்திருக்க வேண்டும், பவர் பிளான் ஒன்றாக இருக்க வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்று ஒரு வசதி உண்டு, புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-இல் பெரும்பாலும் ஆனாகவும் பழசிலிருந்து அப்கிரேட் செய்ததில் ஆஃபாகவும் இருக்கும். கேம்களில் இது சில சதவீதம் தின்னும். ஒன்றில் ஆன், மற்றதில் ஆஃப் என்றால் நீங்கள் அளப்பது விண்டோஸ் செட்டிங்கை. அணைத்துவைக்கச் சொல்லவில்லை, இரண்டிலும் ஒன்றாக வைக்கச் சொல்கிறேன். இரண்டிலும் எஸ்எஸ்டி ஒரே தரத்தில் இல்லை என்றால், லோடிங் நேரத்தை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம்.

ஓட்டும்போது முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதில் ஷேடர் (கிராபிக்ஸ் வரையும் சின்ன நிரல்கள்) தயாராவது, ஃபைல்கள் மெமரிக்கு வருவது எல்லாம் கலந்திருக்கும். அதன் பிறகு மூன்று முறை ஓட்டி நடுவில் வரும் எண்ணை எடுங்கள். அதே கணினியில் அதே சோதனை தடவைக்குத் தடவை 2 சதவீதம் மாறுகிறது என்றால், இரண்டு கணினிகளுக்கும் நடுவே வரும் 2 சதவீதத்துக்காகத் தம்பியோடு சண்டை போட வேண்டாம்.

கேள்வி: பத்துச் சோதனைகளின் முடிவைச் சேர்த்து ‘மொத்தத்தில் 12 சதவீதம் வேகம்’ என்று ஒரே எண்ணாகச் சொல்கிறார்களே, அதை நம்பலாமா?

எப்படிச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு வேலையில் ‘அ’ இரண்டு மடங்கு வேகம், இன்னொரு வேலையில் ‘ஆ’ இரண்டு மடங்கு வேகம். ‘ஆ’-வை 1 என்று வைத்தால் ‘அ’-வின் எண்கள் 2, 0.5, சராசரி 1.25, ஆக ‘அ’ 25 சதவீதம் வேகம். இப்போது ‘அ’-வை 1 என்று வையுங்கள், அதே கணக்கில் ‘ஆ’ 25 சதவீதம் வேகம்! இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1 வரும், அதுதான் பெருக்கல் சராசரி. ஸ்பெக் மாதிரி பெஞ்ச்மார்க் சோதனைகளை வகுக்கும் அமைப்புகள் விகிதங்களைச் சேர்க்க இதைத்தான் பயன்படுத்துகின்றன.

கணக்கு சரியாக இருந்தாலும் அந்த ஒரே எண்ணில் உங்கள் வேலை எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி. பத்தில் ஆறு ரெண்டரிங் சோதனை என்றால் கோர் அதிகமுள்ளது ஜெயிக்கத்தான் செய்யும். நீங்கள் எக்ஸெலும் பிரவுசரும் மட்டுமே திறப்பவர் என்றால் அந்த ஆறையும் அடித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

கேள்வி: கம்பெனிகளே வெளியிடும் பெஞ்ச்மார்க்?

அடிக்குறிப்பைப் படித்த பிறகு பாதி நம்பலாம். சர்வர் உலகத்தில் கூட இந்தக் கூத்து உண்டு: இன்டெல்லின் கம்பைலர் (நிரலை ப்ராசஸருக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஒரு குறிப்பிட்ட சோதனைக்கு மட்டும் பலன் தரும் விதத்தில் வேலை செய்தது என்று சொல்லி, 2024இல் ஸ்பெக் 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாது என்று குறித்தது.

கேள்வி: பழைய ஐ7-4790 கணினி ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது. அதிலும் 4 கோர் 8 த்ரெட், ஐ3-12100-யிலும் 4 கோர் 8 த்ரெட். கிளாக்கும் 4.0, 4.3 ஜிகாஹெர்ட்ஸ் என்று பக்கம் பக்கமாகத்தான் இருக்கிறது. ஐ7-யே வாங்கிவிடலாமா?

காகிதத்தில் மட்டும்தான் பக்கம் பக்கம். 4790 வந்தது 2014இல், ஒரே கிளாக்கில் ஒரு கோர் முடிக்கும் வேலை இடைப்பட்ட காலத்தில் வெகுவாகக் கூடியிருக்கிறது. இது புதிய பாடமும் இல்லை, 2001இல் ஏஎம்டி 1.53 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் அத்லான் எக்ஸ்பி-க்கு 1800+ என்று பெயர் வைத்ததே கிளாக்கை மட்டும் பார்த்து பென்டியம் 4 வாங்குகிறவர்களுக்காகத்தான். சிங்கிள் கோர் ஸ்கோரை ஒரே சோதனையின் ஒரே பதிப்பில் பார்த்தால் ஐ3 எவ்வளவு தூரம் முன்னால் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் இங்கே ‘ஒரே பணம்’ ஒப்பீட்டைத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் ஐ7 முழுக் கணினியாக வருகிறது, ஐ3-க்கு போர்டு, ரேம், கேபினட் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். தட்டச்சு, பிரவுசர், வீடியோ பார்ப்பது மட்டும் என்றால் பழைய ஐ7-யில் ஒரு எஸ்எஸ்டி போட்டாலே வண்டி ஓடும். தொல்லை வேறு இடத்தில்: விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் அந்த ப்ராசஸர் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டுக்கொள்வீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். விண்டோஸ்தான் வேண்டும், கேமும் ஆட வேண்டும் என்றால், கொஞ்சம் காத்திருந்து பணம் சேர்த்து 12100-யைக் கட்டுங்கள்.