அயர்லாந்து கிராமங்களில் லினன் துணியை வீட்டிலேயே எப்படி நெய்தார்கள்?

லினன், ஆளிச் செடியின் தண்டு நாரிலிருந்து வருகிறது. அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் சிறு விவசாயிகளின் வீடே பட்டறை.

செடியை அரிவாளால் அறுக்க மாட்டார்கள். நாரின் நீளம் குறையக்கூடாது என்று வேரோடு கையால் பிடுங்குவார்கள். பிறகு கட்டுக்கட்டாகக் குட்டையில் அமுக்கி, மேலே கல்லை ஏற்றி, ஒன்றிரண்டு வாரம் ஊறப்போடுவார்கள். நாரைத் தண்டோடு ஒட்டியிருக்கும் பசை அழுகிக் கரைய வேண்டும். அந்த நாற்றம் ஊரையே தூக்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அந்தக் கட்டுகளை வெளியே எடுத்தவர்களின் உழைப்பை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அப்புறம் புல்வெளியில் காயவைத்து, தண்டை நொறுக்கி, மரக்கத்தியால் அடித்துச் சக்கையை உதிர்ப்பார்கள். ஆணிகள் பதித்த சீப்பில் இழுத்தால் பொன்னிற முடி போல நீள நார் கைக்கு வரும்.

நூற்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. காலால் ராட்டையை மிதித்தபடி, விரலை ஈரமாக்கிக்கொண்டே நூற்பார்கள். உலர்ந்த நார் சிலிர்த்துக்கொள்ளும், ஈரம் பட்டால்தான் இழை வழவழப்பாக முறுக்கேறும். தறியில் பெரும்பாலும் ஆண்கள் உட்கார்ந்தார்கள். நெய்த பழுப்புத் துணியைப் புல்லில் விரித்து, வெயிலிலும் ஈரத்திலும் போட்டு வெளுப்பார்கள்.

அரசும் ஊக்கம் கொடுத்தது. 1711இல் லினன் வாரியம் அமைந்தது. 1796இல் 1 ஏக்கர் ஆளி பயிரிட்டவருக்கு 4 ராட்டைகளும், 5 ஏக்கர் பயிரிட்டவருக்கு ஒரு தறியும் இலவசமாகக் கிடைத்தன.

1825இல் ஜேம்ஸ் கே நாரை நனைத்து இயந்திரத்தில் நூற்கும் முறையைக் கண்டுபிடித்ததும் அல்ஸ்டரின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆலைகள் பெருகின. வீட்டு ராட்டைகள் முதலில் ஓய்ந்தன. கைத்தறிகள் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடின.