கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆனார்கள்?

கேள்வி: இங்கிலாந்துச் சரித்திரப் பின்னணியில் எழுதப்படும் காதல் குறுநாவல்களை மூன்று, நான்கு என்று பிணைத்து வெளியிடுகிறார்கள். முதல் கதையில் தோழியாக வந்தவள் இரண்டாம் கதையில் நாயகி. அவளுடைய அண்ணன் மூன்றாம் கதையில் நாயகன். எல்லாம் கல்யாணத்தில்தான் போய் நிற்கும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. முடிவு தெரிந்த கதையை நான்கு முறை படிப்பதில் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் ஒரே நாவலாக எழுதிவிட்டால் என்ன? – ஒரு வாசகி

பதில்: 'முடிவு' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்களோடு வழக்கே அந்தச் சொல்லில்தான். கதை எழுதுகிறவருக்குக் கல்யாணம் முடிவாக இருக்கலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் கழுத்தை நீட்டிய பெண்ணுக்கு அதுதான் ஆரம்பம். முன்கூட்டியே தனி ஒப்பந்தம் எழுதிக் காப்பாற்றிக்கொண்டால் ஒழிய, அவள் கையிலிருந்த பணமும் நகையும் மணமான அன்றே கணவனுடையவை ஆகிவிடும். மணமான பெண் தன் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் முழுமையாக ஒப்புக்கொண்டது 1882-இல்தான். கணவன் கொடியவன் என்று தெரிந்தால் விலகி, வேறொருவரை மணந்துகொள்ளவும் வழி கிடையாது. 1857-இல் சட்டம் மாறும்வரை, மறுமணத்துக்கு இடம் தரும் விவாகரத்தை நாடாளுமன்றம் ஒவ்வொருவருக்கும் தனிச்சட்டம் இயற்றித்தான் வழங்க வேண்டியிருந்தது. அப்படி விடுதலை பெற்ற பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த நிலையில் ஒரு பெண் ஒருவனை நம்பிச் 'சரி' என்று சொல்கிறாள்; கதை அங்கே நின்றுவிடுகிறது. அவன் வாக்கைக் காப்பாற்றினானா, அவளுடைய நம்பிக்கை வீண்போகவில்லையா என்று நமக்கு யார் சொல்வது? தனிக் காதல் கதை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் இந்தக் கேள்விக்கு அதனிடம் பதில் இருக்காது. பின்னுரை என்ற பெயரில் ஒரு குழந்தையையும் ஒரு தோட்டத்தையும் காட்டுவார்கள். எனக்கு அது போதாது. அடுத்த குறுநாவலில், வேறு யாரோ ஒருத்தியின் கவலைக்கு நடுவே, பழைய தம்பதியர் தற்செயலாகக் கண்ணில் படுகிறார்களே, அந்த இடம்தான் எனக்குச் சாட்சி.

ஓர் எடுத்துக்காட்டை நானே புனைந்து சொல்கிறேன். முதல் கதையின் நாயகி கணக்கில் கெட்டிக்காரி. பெண்ணுக்கு எதற்குக் கணக்கு என்று தந்தை ஏசுவார், காதலன் மட்டும் ஏசவில்லை. மணமாகிறது, கதை முடிகிறது. இரண்டாம் கதை வேறொரு ஜோடியைப் பற்றியது. அதில் ஓர் இரவு விருந்து. உணவு மேசையில் யாரோ ஒரு பிரபு, பண்ணை வரவு செலவை மனைவி பார்த்துக்கொள்வதைப் பற்றிக் கேலியாக ஏதோ சொல்கிறார். பழைய நாயகன் கோபப்படவில்லை. "போன ஆண்டு குத்தகையில் நான் விட்ட பிழையை அவள்தான் கண்டுபிடித்தாள்" என்று சொல்லிவிட்டு, உப்பை இப்படித் தள்ளும்படி பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறான். இரண்டே வாக்கியங்கள், கதை தன் வழியே போய்விடுகிறது. ஆனால் முதல் கதையைப் படித்தவர் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றுதான் போவார். அந்தப் பெண்ணின் நம்பிக்கை வீண்போகவில்லை என்பது கதைக்குள் யாரும் அவருக்கென்று சொல்லாமலே தெரிந்துவிட்டது. நீங்கள் கேட்ட இன்பம் இதுதான். நான்கு கதைகளைப் படித்தால் மூன்று கல்யாணங்களாவது என்ன ஆயின என்று தெரியும்.

குறுநாவல் என்பது எழுதி முடிக்கப்படாத நாவல் என்று சொல்லும் விமர்சகர்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. அதைச் சரித்திரக் கதையை வைத்தே தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். சரித்திரக் கதைக்கு முதல் சுமை உலகத்தை விளக்குவது. இவற்றில் பெரும்பாலானவை நடக்கும் ரீஜென்சி காலம், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றி, 1811 பிப்ரவரியில் அவருடைய மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதிலிருந்து, 1820 ஜனவரியில் மன்னர் இறந்தது வரையிலான ஒன்பதே ஆண்டுகள். அந்தக் குறுகிய காலத்துக்குள் எத்தனை விதிகள்! லண்டனின் ஆல்மாக்ஸ் நடன அரங்குக்குள் நுழையச் சில சீமாட்டிகள் மனம் வைத்து வழங்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணக்கத் தந்தையின் சம்மதம் வேண்டும் என்றது 1753-ஆம் ஆண்டுச் சட்டம். அது ஸ்காட்லாந்தில் செல்லாது என்பதால் காதலர்கள் எல்லையைத் தாண்டிக் கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு ஓடினார்கள். இவற்றையெல்லாம் முதல் கதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அடுத்த கதையில் 'வடக்கே போகும் வண்டி' என்று எழுதினாலே வாசகர் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். விளக்கத்துக்குச் செலவாக வேண்டிய பக்கங்கள் இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் ஒரே ஒரு தடைக்குக் கிடைக்கின்றன. குறுநாவலுக்கு ஒரு தடை போதும்.

சரித்திரமே சில இரவுகளை இந்த வடிவத்துக்கென்று அமைத்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது. 1815 ஜூன் 15 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் ரிச்மண்ட் சீமாட்டி ஒரு நடன விருந்து வைத்தார். விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே நெப்போலியனின் படை நெருங்கிவிட்ட செய்தி பிரிட்டிஷ் படைத்தலைவர் வெலிங்டனுக்கு வருகிறது. அதிகாரிகள் பாதியில் விடைபெறுகிறார்கள். சிலருக்கு உடை மாற்றக்கூட நேரமில்லை. மறுநாள் கத்ர் பிராவில் போர், 18-ஆம் தேதி வாட்டர்லூவில் போர். அந்தக் கூடத்தில் மூன்று ஜோடிகளை நிறுத்துங்கள். ஒருத்தி நிச்சயதார்த்தத்தை முறித்துக்கொள்ளவே வந்தவள். ஒருத்தி இன்னும் தன் மனத்தைச் சொல்லாதவள். மூன்றாமவள் மணமாகி ஆறு மாதம் ஆனவள். மூவருக்கும் ஒரே கடிகாரம், ஒரே இசை, வாசலில் ஒரே குதிரைச் சத்தம். முதல் கதையில் பின்னணியில் கேட்ட ஒரு விசும்பல் யாருடையது என்று மூன்றாம் கதையில்தான் தெரியவரும். ரீஜென்சி காதல் கதைக்கு உருவம் கொடுத்த ஜார்ஜெட் ஹேயர், 1937-இல் இதே வாட்டர்லூவை வைத்து நாவல் எழுதியபோது தம் முந்தைய கதைகளின் மனிதர்களை அங்கே வரவழைத்தார். ஒரு பழைய கதையின் காதலர்கள் இந்த நாவலில் நாயகியின் தாத்தா பாட்டியாக வந்து நிற்கிறார்கள். காலம் அவர்களை என்ன செய்தது என்று அறியும் ஆவல் அவருடைய வாசகர்களுக்கும் இருந்திருக்கும்.

இனி, வரிசை. கதைக்காலப்படிதான் படிக்க வேண்டும் என்று அட்டையில் எண் போட்டு விற்கும் பதிப்பாளர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. நம் கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. கதைக்காலத்தில் அதற்கு முந்தைய 'சிவகாமியின் சபத'த்தைப் பிறகுதான் எழுதினார். குறுநாவல்கள் அல்ல என்றாலும் பிணைப்பு இதே பிணைப்புதான். மகள் குந்தவியின் காதலுக்கு வழிவிடும் நரசிம்மவர்மரை முதலில் பார்த்துவிட்டு, அதே மனிதர் இளமையில் சிவகாமியை இழந்ததைப் பின்னால் படிக்கிறவர், முதல் புத்தகத்துக்குத் திரும்பிப் போய் அந்தத் தந்தையின் பேச்சை வேறு காதோடு கேட்பார். எழுதிய வரிசையில் படிக்கிறவருக்கே கிடைக்கும் அனுபவம் இது.

ஒரே நாவலாக எழுதினால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதலாம், ஆனால் ஒருத்தி தலைமை ஏற்பாள், மற்றவர்கள் கிளைக்கதை ஆவார்கள். பணம் இல்லாத ஆசிரியையும், முப்பதைத் தாண்டிய அத்தையும், போரில் ஒரு கையை இழந்து அரைச் சம்பளத்தில் வாழும் தளபதியும் பெரிய நாவலில் நாயகிக்குப் புத்தி சொல்லவே வருவார்கள். பிணைந்த குறுநாவல்களில் அவரவர் முறை வரும்போது நாம் அவரவர் மனத்துக்குள் இருந்து பார்க்கிறோம். நேற்றைய நாயகி இன்று சுவரோரம் நிற்கிறாள், அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

எல்லாத் தொகுப்புகளும் இந்தத் தரத்தில் இல்லை. பழைய ஜோடிகளைக் காரணமில்லாமல் வரிசையாக உள்ளே வரவழைத்து, எல்லோரும் சுகம் என்று சொல்லவைத்து அனுப்பிவிடும் கதைகள் ஏராளம். அடுத்த புத்தகத்தை விற்பதற்காகவே ஓர் அழகான அண்ணனை மூலையில் நிறுத்தி வைக்கும் கதைகள் அதைவிட அதிகம். அவற்றைப் படித்துத்தான் உங்களுக்கு அலுத்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஒரு தொகுப்பை எடுக்கும்போது, இரண்டாம் கதையில் முதல் கதையின் தம்பதியர் வரும் பக்கத்தை மட்டும் புரட்டிப் பாருங்கள். அவர்களுக்கு அங்கே சொந்தமாக ஒரு வேலை இருந்தால் புத்தகத்தை வாங்கலாம்.