நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சூழ்நிலை மண்டலத்தை வீட்டிலேயே எப்படிச் செய்து காட்டுவது?

மகளுக்குப் பாடம் படமாகவே மனதில் நிற்கிறது, செய்து பார்க்கிற மாதிரி செலவில்லாத சோதனை ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் பதினேழு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், சார்ட் வாங்காதீர்கள். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று அம்புக்குறி போட்ட படத்தைப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள், அப்புறம் ஒரு கேள்வி வராது. அந்தப் படத்தில் சேறு, தண்ணீர், வெளிச்சம் எதுவும் இருக்காது என்பது இன்னொரு குறை. 1935-ல் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ‘எக்கோசிஸ்டம்’, அதாவது சூழ்நிலை மண்டலம், என்ற சொல்லை எழுத்தில் கொண்டுவந்தபோது, உயிருள்ளதையும் உயிரில்லாததையும் சேர்த்தே ஒரு மண்டலம் என்றுதான் சொன்னார். நாம் பாதியைக் கழற்றிவிட்டுப் பாடம் நடத்துகிறோம்.

அதனால் ஒரு பழைய சைக்கிள் டயரில் ஆரம்பியுங்கள். வேப்ப மரத்தடியில் டயரைப் போட்டு, உள்ளே இருப்பதை எல்லாம் இருபது நிமிடம் எழுதச் சொல்லுங்கள். எறும்பு, சருகு, ஈரம், நிழல், மண்புழு எச்சம் எல்லாம் கணக்கு. பிறகு அதே டயரை வெயிலடிக்கும் வெட்டவெளியில் போட்டு எழுதட்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால், நிழல் போனதும் எது எது கூடவே போனது என்று பிள்ளையே சொல்லும். (பையன்கள் டயரை உருட்டிக்கொண்டு ஓடுவதில் பாதி நேரம் போகும். போகட்டும்.)

அடுத்தது பாட்டில். என் வகுப்பில் இந்தப் பாடம் நிஜமாகப் புரிந்தது ஒரு பாட்டில் நாறிப்போன வருடம்தான்.

செய்முறை எளிது. வாயகன்ற பெரிய ஊறுகாய் பாட்டில், அடியில் இரண்டு விரல் உயரம் குளத்துச் சேறு, முக்கால் அளவு குளத்துத் தண்ணீர், புத்தகத்தில் ஹைட்ரில்லா என்று இருக்கும் வேலம்பாசி நாலைந்து தண்டு, சின்ன நத்தை இரண்டு. வெளிச்சம் வருகிற, ஆனால் நேர் வெயில் படாத ஜன்னலில் வைக்க வேண்டும். நான் அந்த வருடம் ஆசைப்பட்டு எட்டு நத்தையும் மூன்று குட்டி மீனும் போட்டேன். போதாததற்கு, நன்றாகத் தெரியட்டும் என்று வெயில் விழுகிற திண்டில் வைத்தேன். வெள்ளிக்கிழமை வைத்தது. திங்கட்கிழமை காலை தண்ணீர் பால் கலந்த மாதிரி கலங்கியிருந்தது, மீன் மூன்றும் மிதந்தன. வகுப்பில் ஒரு பெண் அழுதே விட்டாள்.

பின்வரிசையில் இருந்து ஒரு பையன் கேட்டான்: “செடி ஆக்சிஜன் குடுக்கும்னு சொன்னீங்களே டீச்சர், அப்புறம் ஏன் மீன் செத்துச்சு?”

பதினேழு வருடத்தில் எனக்கு வந்த நல்ல கேள்விகளில் அது ஒன்று. நான் பதில் யோசிப்பதற்குள் இன்னொருவன், அவன் அப்பா இறால் பண்ணையில் வேலை செய்கிறவர், சாதாரணமாகச் சொன்னான்: “ராத்திரியில செத்திருக்கும் டீச்சர். குட்டையில ராத்திரி பூரா தண்ணிய அடிக்கிற சக்கரம் ஓடும். கரண்டு போனா எங்கப்பா எழுந்து ஓடுவாரு.”

சரியாகச் சொன்னான். செடி வெளிச்சத்தில்தான் ஆக்சிஜனை வெளியிடும். மூச்சு விடுவதோ இரவும் பகலும். இரவில் செடி, மீன், நத்தை, சேற்றில் உள்ள பாக்டீரியா எல்லாம் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனையே எடுத்துக்கொள்கின்றன, திரும்பப் போட ஆளில்லை. விடிகிற நேரத்தில்தான் குட்டையில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும், தண்ணீரில் காற்றைக் கலக்கத்தான் அந்தச் சக்கரம். தண்ணீர் சூடானால் அதில் கரைகிற ஆக்சிஜனும் குறையும், ஆகவே என் வெயில் யோசனையும் சேர்ந்து கொன்றது. ஒரு மீன் செத்து அழுக ஆரம்பித்தால், அழுகச் செய்கிற பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

நீங்கள் மீன் போடாதீர்கள். நத்தை இரண்டே போதும். செடி ஆக்சிஜன் விடுவதைத் தனியாகப் பார்க்க வேண்டுமா? வேலம்பாசித் தண்டு ஒன்றை வெட்டி, வெட்டுவாய் மேலே பார்க்கும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முக்கி, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு வெயிலில் வையுங்கள். வெட்டுவாயிலிருந்து குமிழ் வரும். நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி, டம்ளரை நிழலுக்கு நகர்த்தி மறுபடி எண்ணட்டும்.

உணவுச் சங்கிலிக்கு நான் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர், அதுதான் கடலில் மிதக்கிற பாசி. அதிலிருந்து 100 மில்லி சென்னாகுனி என்கிற பொடி இறாலுக்கு. அதிலிருந்து மருந்து மூடியில் 10 மில்லி சின்ன மீனுக்கு. அதிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்சில் 1 மில்லி வஞ்சிரத்துக்கு. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே ஏறும். 1942-ல் ரேமண்ட் லிண்ட்மன் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு இது. மிச்சம் எங்கே போச்சு என்று கேட்பார்கள். ஓடியதில், மூச்சு விட்டதில், உடம்புச் சூட்டில் போயிற்று என்று சொல்லுங்கள். “அதான் வஞ்சிரம் அந்த விலை விக்குதா?” என்று ஒருத்தி கேட்டாள். விலைக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் அவள் சொன்னது முழுத் தப்பில்லை.

வாழை இலை, பருத்தித் துணி, ஷாம்பு பாக்கெட் மூன்றையும் தொட்டி மண்ணில் புதைத்து, எது மட்கியது, எது மட்கவில்லை என்று நாற்பது நாள் கழித்துத் தோண்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. செய்யலாம். ஐப்பசி மழையில் மட்டும் செய்யாதீர்கள், தொட்டியில் தண்ணீர் தேங்கிவிடும்.

கடல் பக்கத்தில் இருப்பதால் பச்சைப் பயறையும் விட மாட்டேன். மூன்று தட்டில் பஞ்சு, ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு. ஒன்றுக்கு நல்ல தண்ணீர், ஒன்றுக்குத் தேவனாம்பட்டினத்துக் கடல் தண்ணீர், ஒன்றுக்குப் பாதிப் பாதி. கடல் தூரம் என்றால் ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரையுங்கள், கடலும் ஏறக்குறைய அந்த அளவுதான். இரண்டு நாளில் முதல் தட்டு முளைத்துவிடும், கடல் தண்ணீர்த் தட்டு அப்படியே கிடக்கும், நடுத்தட்டில் ஒன்றிரண்டு மூக்கு நீட்டினால் அதிகம். தண்ணீர் சுற்றி இருந்தும் விதையால் குடிக்க முடியவில்லை. 2004 சுனாமியில் கடல் ஏறிய வயல்களைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

அப்படியானால் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரத்து அலையாத்திக் காடு எப்படி உப்பில் நிற்கிறது என்ற கேள்வி அடுத்து வரும். முடிந்தால் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அங்கே வளரும் வெண்கண்டல் மரத்தின் இலையை விரலால் தடவினால் உப்புப் படிந்திருப்பது தெரியும், உள்ளே வந்த உப்பை அது இலை வழியே வெளியே தள்ளுகிறது. எந்த இலையையும் கிள்ளவோ நக்கவோ விடாதீர்கள். அங்கே தில்லை மரமும் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது அந்த மரத்தால்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள், மறக்க மாட்டார்கள்.

செத்த பாட்டிலைக் கொட்டிவிட மனமில்லாமல் அந்த வருடம் மூடிபோட்டு வெளியே இன்னும் பத்து நாள் வைத்திருந்தோம். அடிச்சேறு கறுத்து, திறந்தால் அழுகின முட்டை வாடை அடித்தது. பிறகு பிச்சாவரம் போனபோது, வெண்கண்டலின் மூச்சு வேர்கள் பென்சில் பென்சிலாகச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததைக் காட்டி, இது ஏன் மேலே வருகிறது என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. அழுத பெண்தான் குனிந்து மோந்து பார்த்தாள். “டீச்சர், நம்ம பாட்டில் நாத்தம். இந்தச் சேத்துலயும் ஆக்சிஜன் இல்ல.”