நோர்வேயில் "கிரீன" என்றால் அழுகை, தங்கச்சி

டென்மார்க்கில் நாலு வருசம் இருந்துவிட்டு இப்போதுதான் ஒஸ்லோ வந்திருக்கிறீர்கள். மகனின் பாலர் பள்ளி ஆசிரியை மூன்று நாளாக "ஹான் ஹார் கிரீன்ட் லித்" என்கிறார். டெனிஷ் கணக்கில் கொஞ்சம் சிரித்தானாக்கும் என்று நீங்களும் "ஃபீன்ட், ஃபீன்ட்" (நல்லது, நல்லது) என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். பிறகு ஏன் அவர் முகம் ஒரு மாதிரிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

பிள்ளை அழுதிருக்கிறான், தங்கச்சி.

பயப்படாதீர்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை அழுவது வழமை. அதற்காகத்தான் முதல் சில நாட்கள் தாயோ தகப்பனோ கூட இருக்கும் "தில்வென்னிங்" வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் அழுதான் என்று மட்டும் கேளுங்கள்.

எனக்கு இது தலைகீழாக நடந்தது. டென்மார்க்கில் ஹேர்னிங்கில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மா வேலியோரம் வந்து, முதல் நாள் தன் தகப்பனின் எண்பதாவது பிறந்தநாளில் "வி கிரீனெதெ" என்றார், இரவு முழுக்க. கிழவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அக்காவைப் பார்த்தார், அக்கா என்னைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் "கிரீன" செய்தார்கள், டெனிஷ் கணக்கில்.

சொல் ஒன்றுதான். அடியில் இருக்கிற பொருள் முகத்தைக் கோணிப் பல்லைக் காட்டுவது, நம்முடைய "இளிப்பது" மாதிரி. ஆங்கிலத்து "கிரின்" கூட இதற்குச் சொந்தம்தான். பல் தெரிவது சிரிப்பிலும் உண்டு, அழுகையிலும் உண்டு. டென்மார்க் சிரிப்பை எடுத்துக்கொண்டது, நோர்வே அழுகையை. சுவீடனில் "கிரீனா" என்றால் பொதுவாக அழுகை. ஆனால் டென்மார்க்கை ஒட்டிய தெற்குப் பக்கம் சிரிப்புக்கும் சொல்வார்கள். இதிலிருந்து பிறந்த சொற்களும் இப்படித்தான்: நோர்வேயில் "கிரீனெத்தெ" என்றால் சிடுசிடுப்பு, டென்மார்க்கில் "கிரீனாக்டி" என்றால் வேடிக்கை.

ஒன்று கவனியுங்கள். இங்கே "கிரீன" சிணுங்குகிற பிள்ளைக்குச் சரி. செத்த வீட்டில் அழுகிறவரைப் பற்றி அப்படிச் சொன்னால் நக்கல் போலாகிவிடும், அங்கே "க்ரோத்தெ"தான். சிரிப்புக்கு "லே" போதும், நோர்வேயிலும் டென்மார்க்கிலும் விளங்கும். சுவீடன்காரருக்கு மட்டும் அது புன்னகை.

அந்த மூன்று "ஃபீன்ட்"டுக்கும் நாளைக் காலையில் ஆசிரியையிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். டெனிஷ்காரரின் பேச்சைப் பற்றிய கதை என்றால் நோர்வேக்காரருக்கு நல்ல விருப்பம்.