விலை சொன்ன பிறகு வந்த யூனியன் ஒப்பந்தம்

கேள்வி: கலிஃபோர்னியாவில் நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு விளையாட்டுத் திடல்களுக்கு ரப்பர் தளம் போட்டுக் கொடுக்கிறேன். நகராட்சிப் பூங்கா ஒன்றின் முதன்மை ஒப்பந்ததாரர் என் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டு டெண்டரை எடுத்துவிட்டார். இப்போது ‘பிராஜெக்ட் லேபர் அக்ரிமென்ட்’டுக்கு, அதாவது அந்தத் திட்டத்தின் வேலை நிபந்தனைகள் பற்றி யூனியன்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு, கட்டுப்படுவதாகக் கடிதம் ஒன்றில் கையெழுத்துக் கேட்கிறார். என் ஆட்கள் எவரும் யூனியனில் இல்லை. மறுத்துவிடலாமா?

பதில்: மறுப்பதற்கு முன் ஒரு பழைய தீர்ப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1958-இல் தீர்த்த டிரென்னன் எதிர் ஸ்டார் பேவிங் வழக்கும் தளம் போடும் துணை ஒப்பந்ததாரர் சொன்ன விலையால் எழுந்ததுதான். பள்ளிக்கூட வேலை ஒன்றுக்குத் தொலைபேசியில் 7,131.60 டாலர் என்று சொன்ன அந்நிறுவனம், கணக்கில் பிழை என்று மறுநாளே பின்வாங்கியது. அந்த விலையை நம்பி டெண்டர் எடுத்தவர் வேறொருவருக்கு 10,948.60 டாலர் கொடுக்க நேர்ந்தது. வித்தியாசமான 3,817 டாலரைப் பின்வாங்கியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். ஆகவே டெண்டர் ஆவணத்தில் இந்த யூனியன் ஒப்பந்தம் குறிப்பிடப்பட்டிருந்து, உங்கள் விலைத்தாள் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், மறுப்புக்கு விலை உண்டு. ‘யூனியன் நிபந்தனைகள் இந்த விலையில் அடங்கா’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களானால் உங்கள் நிலை வேறு. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படிப்பதுதான் முதல் வேலை.

நகராட்சி இப்படி நிபந்தனை விதிக்கலாமா என்று வாதாடுவதில் பயன் குறைவு. 1993-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் (பாஸ்டன் துறைமுக வழக்கு), 1999-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமும் (சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலைய வழக்கு) இத்தகைய ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் மாநிலச் சட்டம் உங்களுக்கும் ஒரு பிடி கொடுக்கிறது: யூனியனில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தகுதியுள்ள எல்லா ஒப்பந்ததாரர்களையும் அனுமதிக்கும் ஒப்பந்தமாக அது இருந்தாக வேண்டும். கடிதமும் பொதுவாக அந்த ஒரு திட்டத்துக்கு மட்டுமே உங்களைக் கட்டும். நாளைக்கு ஒரு வீட்டுத் தோட்டத்தில் தளம் போடும்போது யூனியன் குறுக்கே வராது. இதைக் கடிதத்தின் வாசகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கை கடிப்பது வேறு இரண்டு இடங்களில். ஒன்று ஆட்கள். பல ஒப்பந்தங்களில் உங்கள் ஆள் ஒருவர், யூனியன் ஹால் (வேலைக்கு ஆள் அனுப்பும் யூனியன் அலுவலகம்) அனுப்பும் ஆள் ஒருவர் என்று மாற்றி மாற்றித்தான் எடுக்க வேண்டும். நான்கு பேர் வேலைக்கு உங்கள் ஆட்கள் இருவர் வீட்டில் இருப்பார்கள், கலவை பதம் தெரியாத இருவர் ஊஞ்சலடியில் நிற்பார்கள். மற்றொன்று சலுகைத் தொகை. நீங்கள் ஏற்கெனவே மருத்துவக் காப்பீடு கொடுத்து வந்தாலும், மணிக்கு இவ்வளவு என்று யூனியன் நிதிகளுக்கும் செலுத்தச் சொல்லக்கூடும். கணக்குக்காக மணிக்கு 20 டாலர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு ஆளுக்கு 120 மணி நேரம் என்ற சிறு வேலையிலேயே 9,600 டாலர் போகும். உங்கள் லாபமே அவ்வளவுதானோ என்னவோ.

மாநிலம் நிர்ணயித்த ஊதிய விகிதம், சான்றளித்த சம்பளப் பட்டியல், தொழிலுறவுத் துறைப் பதிவு ஆகியவை இந்த ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் நகராட்சி வேலைக்குப் பொதுவாக உண்டு என்பதால், அவற்றை இதன் சுமையாக எண்ண வேண்டாம். சனிக்கிழமை மச்சானைச் சும்மா உதவிக்கு அழைப்பதையும் விட்டுவிடுங்கள். லாபத்துக்கு வேலை எடுத்தவரிடம் சட்டத்தின் கண்ணில் அவர் தொண்டர் ஆகமாட்டார், கூலியாள்தான்.

முதன்மை ஒப்பந்ததாரரிடம் ஒப்பந்தத்தின் முழுப் பிரதியை எழுத்தில் கேளுங்கள். சொந்த ஆட்கள் பற்றிய பிரிவையும் நிதிப் பிரிவையும் படித்து, கூடுதல் செலவைக் கணக்கிட்டு, அதை அவர் பகிர்ந்துகொள்வாரா என்று பேசுங்கள். உங்கள் பெயர் டெண்டரில் துணை ஒப்பந்ததாரராகப் பதிவாகியிருந்தால், நகராட்சியின் இசைவின்றி அவர் நினைத்த மாத்திரத்தில் உங்களை மாற்றிவிட முடியாது என்பதால் அவரும் பேச்சுக்கு வருவார். அதுவரை கையெழுத்தும் வேண்டாம், மறுப்புக் கடிதமும் வேண்டாம்.